ஏற்கெனவே ஊதியவர்

"சார், நீங்க ஏற்கெனவே ஊதிட்டீங்களே" என்று நுழைவாயில் மேசையில் இருந்த பெண் சொன்னபோது, அவர் பலூனுக்காகக் கையைக்கூட நீட்டியிருக்கவில்லை. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மனைவியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கியபடி, இந்தச் சங்கடத்திலிருந்து எப்படி நழுவுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் ஒரு கூடை நிறைய ஊதாத பலூன்கள் கிடந்தன. பக்கத்தில் நூல்கண்டு, பேனா, சின்னச் சின்ன அட்டைகள். பின்னாலிருந்த பலகையில் கண்காட்சியின் வழக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஒரு பலூனை ஒரே மூச்சில் ஊதிக் கட்டித் தர வேண்டும். ஆனால் தனக்காக அல்ல, இன்னொருவருக்காக. யாருக்காக என்பதை அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். அந்தப் பலூன்களை வைத்துத்தான் உள்ளே இருக்கும் உருவங்களைச் செய்துகொண்டே போகிறார்களாம். பலூன் பார்க்க வந்தோமா, பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமா என்று விடமாட்டார்கள் போல என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் இப்பத்தாம்மா உள்ளயே வர்றேன்."

"இல்ல சார். உங்களோடது உள்ள இருக்கு. கடைசி ரூம்ல." கழிவறை எந்தப் பக்கம் என்று வழி சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, கூடையை அவரைத் தாண்டி அடுத்த குடும்பத்தின் பக்கம் நகர்த்தினாள்.

மனைவி அதற்குள் ஒரு மஞ்சள் பலூனை எடுத்து ஊத ஆரம்பித்திருந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, பாதியில் சிரிப்பு வந்து, ஊதிய காற்றெல்லாம் அவள் முகத்திலேயே வந்து அடித்தது. இரண்டாம் தடவை ஒருவழியாக ஊதி முடிச்சுப் போட்டாள். "வேற யாரையோ பார்த்துட்டு நீங்கன்னு நெனச்சிருக்கும், விடுங்க. ஒரு நாளைக்கு எத்தன முகத்தப் பாக்குது, பாவம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் பெருமையாகத் திரும்பினாள். "இவர் ஊதற விஷயத்துல பெரிய ஆளும்மா. ஆஸ்பத்திரில இவருக்குப் பேரே ஊதுங்க சார்தான்."

"தெரியும்மா" என்றாள் அவள், நிமிராமல்.

மனைவி அட்டையில் எழுதுவதை அவர் பார்க்காமல் இருக்கவே விரும்பினார். ஆனாலும் பார்த்தார். 'அண்ணனுக்கு' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

ஊதாமல் தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி தன் செத்துப்போன அண்ணனுக்காக மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறாள், நீ பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனார்.

முதல் கூடம் முழுக்கத் தோட்டம். கூரை வரைக்கும் பச்சைப் பலூன்களால் மரங்கள், கிளைகளில் குரங்குகள், வாசலை மறித்துக்கொண்டு ஒரு ஒட்டகச்சிவிங்கி. அதன் காலுக்கிடையில் குழந்தைகள் புகுந்து புகுந்து ஓடினார்கள். ரப்பரும் ரப்பரும் உரசுகிற கீச்சொலி, எங்கோ ஒரு பலூன் வெடித்ததும் எழுந்த ஒரு கூட்டு அலறலும் அதைத் தொடர்ந்த சிரிப்பும், குழந்தைகளின் வியர்வையோடு கலந்த ரப்பர் வாடை, பலூன்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போட்டு, விளக்கொளியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்த வெள்ளை மாவு என்று எல்லாமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வேண்டிய அளவு சந்தோஷமாகத்தான் இருந்தன. அவர் தோளில்கூட அந்த மாவு படிந்தது. தட்டிவிட்டார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

அப்போதுதான் அந்த அசைவைக் கவனித்தார். மரங்கள் லேசாக உப்பின, லேசாக இறங்கின. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று மேலே பார்த்தார். மின்விசிறி எதுவும் ஓடவில்லை.

இருபத்தெட்டு வருஷம் மூச்சு அளந்த பழக்கம் அவரை விடவில்லை. மனம் தானாக எண்ண ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் கடைசி அறை அவருடையது. ஒரு முக்காலி, ஒரு மெஷின், ஒரு திரை. வந்தவர் மூக்கில் நீலநிற கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, இடது கையை உயர்த்துவார். "நல்லா இழுங்க. இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்..." ஆறு நொடி. அவர் கை மேலே இருக்கும்வரை ஊத வேண்டும், கை இறங்கினால் நிறுத்தலாம். வந்தவர்கள் எல்லாரும், பெரிய அதிகாரியோ கைக்குழந்தைக்காரியோ, கண் பிதுங்க அந்தக் கையையே பார்ப்பார்கள். அதில் அவருக்கு ஒரு ரகசியக் குஷி இருந்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தோட்டம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் கணக்கும் அவருக்குத் தெரிந்த கணக்காக இருந்தது. இழுப்பு சின்னது. விடுவது அதைவிடச் சின்னது. முதல் நொடி முடிவதற்குள் ஒரு இடறல். மெஷின் மூச்சை வரைந்து காட்டும் அப்படி ஒரு கோட்டை அவர் திரையில் ஒரே ஒரு நாள் பார்த்திருந்தார், நான்கு முறை.

"வாங்க, அடுத்த ரூமுக்குப் போலாம்" என்று மனைவி கையைப் பிடித்தாள். போனார். போகாமல் என்ன செய்வது?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சான் அந்த முக்காலியில் வந்து உட்கார்ந்தார். மனைவியின் ஒரே அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர். தரைக்கல் அறுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் புருவத்தில்கூட வெள்ளைத் தூசி இருக்கும். வேலையில் தொடர வேண்டுமானால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூச்சுச் சோதனை செய்து சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். "நம்ம மாப்பிள்ளை இருக்கறப்ப என்ன கவல" என்று சிரித்துக்கொண்டே குழாயை வாயில் வைத்தார். ஒருமுறை ஊதினார், இருமல் வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. குழந்தைகளுக்கு என்று திரையில் ஒரு பலூன் படம் உண்டு. ஊத ஊதப் பெரிதாகி வெடித்துக் கைதட்டல் கேட்கும். விளையாட்டாக அதைப் போட்டுவிட்டார். மூன்றாம் முறை, நான்காம் முறை. பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல் வளரவில்லை. "என்ன மாப்பிள்ளை, உங்க மெஷின் என்னை மதிக்கவே மாட்டேங்குது" என்று மச்சான் வெட்கப்பட்டுச் சிரித்தார். நாளைக்கு வரட்டுமா என்றும் கேட்டார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம்.

வெளியே பதினோரு பேர் நின்றார்கள். ஒரு மணிக்கு மொட்டைமாடியில் குரூப் போட்டோ. ஓய்வுபெறும் தலைமை நர்சுக்காக எல்லாரும் சேர்ந்து நிற்கிற போட்டோ. மணி பன்னிரண்டு ஐம்பது.

அவர் குழாயை வாங்கித் தானே ஊதினார். மூன்று முறை. ஆறு நொடி, ஆறு நொடி, ஆறு நொடி. பலூன் வெடித்தது, மெஷின் கைதட்டியது, மச்சானின் பெயர் போட்ட காகிதத்தில் அவருடைய நுரையீரல் அச்சாகி வந்தது. குறையில்லை என்று கீழே எழுதிக் கொடுத்தார். மச்சான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் கல் அறுத்தார்.

கடைசியில் படுத்தபோது நுரையீரல் இறுகிப்போயிருந்தது. பழைய காகிதத்தைப் புரட்டிய டாக்டர், "அப்பவே தெரிஞ்சிருந்தா இந்த வேலைய நிறுத்தியிருக்கலாமே, ஆனா இதுல எல்லாம் நல்லா இருக்கே" என்று புருவத்தை நெரித்தார். கட்டில் காலருகில் நின்றிருந்த அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மச்சான் அவரைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "அப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். சாகும்வரை காட்டிக்கொடுக்கவில்லை. மாறாகப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "என் வண்டி மாப்பிள்ளை மூச்சுலதான் ஓடுது" என்று சொல்லிச் சிரித்து, இருமி, மறுபடி சிரிப்பார். மனைவி அதைப் புருஷனின் பெருமையாக எடுத்துக்கொண்டாள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வந்தால், ஆஸ்பத்திரியில் இவர் எப்படி ஓடி ஓடிப் பார்த்தார், அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மனைவிக்கு அது தெரிந்துவிடக்கூடாது. ஏழு வருஷமாக அவருக்கு இருக்கும் ஒரே பிரார்த்தனை அதுதான். நரகம் கிரகம் எல்லாம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்; அவள் முகம் மாறுவதைப் பார்க்க மட்டும் அவரால் முடியாது.

இரண்டாவது கூடத்தில் ஒரு வீடு இருந்தது. முழுக்க வெள்ளைப் பலூன்கள். வெள்ளை அடுப்பு, வெள்ளைக் குழாய், அதிலிருந்து விழாமல் தொங்கும் வெள்ளைத் தண்ணீர்த்துளி, கொடியில் காயும் வெள்ளைச் சட்டை. குழந்தைகளுக்கு இங்கே சுவாரசியம் இல்லை போல. தோட்டத்தின் இரைச்சல் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, இங்கே சுற்றிப் பார்த்த நாலைந்து பேரும் தாங்கள் பேசுவதே தப்பு என்பதுபோல முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மாவு இன்னும் அடர்த்தியாக இறங்கியது. நாக்கில் பட்டது. சுண்ணாம்பு ருசி. பலூனில் போடும் மாவுக்கு இந்த ருசி இருக்காதே என்று நினைத்தார். மச்சான் உதறிய சட்டையிலிருந்து வரும் தூசிக்குத்தான் இந்த ருசி.

"என்னங்க, இங்க பாருங்களேன்." மனைவி வாசல்படியில் குனிந்திருந்தாள். பலூனால் செய்த ஒரு ஜோடிச் செருப்பு. இடது குதிகால் மட்டும் காற்றிறங்கித் தேய்ந்திருந்தது. "அண்ணன் தேய்க்கிற மாதிரியே இருக்குல்ல?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததுதான் அவருக்கு என்னவோ செய்தது.

"எல்லார் செருப்பும் அப்படித்தான் தேயும். நேரமாச்சு, கிளம்பலாமா?"

"அஞ்சரைதான ஆகுது. ஆறு மணிவரைக்கும் உண்டு. இன்னும் ஒரு ரூம் இருக்கு."

சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தார்கள். உருண்டை உருண்டையாக வெள்ளைத் தலைகள், மூன்று வரிசை. கண் மூக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அது அந்த மொட்டைமாடிக் குரூப் போட்டோ என்று அவருக்குத் தெரிந்தது. அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது, மனைவி வாரம் தவறாமல் துடைக்கிறாள், தலைமை நர்ஸ் நடுவில், அவர் இரண்டாம் வரிசையில் மூன்றாவது. சிரித்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். இரண்டாம் வரிசை. ஒன்று. இரண்டு.

மூன்றாவது தலை மட்டும் உப்பி இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. மூன்று இருமல், மச்சானைப் போலவே மூன்றாவதைப் பாதியில் விழுங்கிக்கொள்ளும் இருமல். யாரோ வந்தவர்கள் இருமுகிறார்கள். ஊரில் இருமாதவர் யார்? மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, தெரிந்த பாட்டு எங்கோ ஒலிப்பதைக் கேட்பவளைப் போல நின்றிருந்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

கடைசி அறை சின்னது. உள்ளே வேறு யாரும் இல்லை.

அது அவருடைய அறை.

மெஷின், திரை, சன்னல், சன்னலில் பாதி இறங்கிய திரைச்சீலை எல்லாமே பலூன். முக்காலியின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. அதன் அடியில் மடித்து வைத்த காகிதம்கூடப் பலூனில் இருந்தது. அந்தக் காகிதத்தை அவர்தான் ஒருநாள் மடித்து வைத்தார். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை. முக்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் பலூன் கை, வெள்ளைப் பலூன் கால், வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த தலை. மூக்கில் நிஜமான நீலநிற கிளிப். வாயில் நிஜமான அட்டைக் குழாய்.

"அண்ணன் மாதிரியே உக்காந்திருக்கு" என்றாள் மனைவி. பயமே இல்லாத குரல். ஊரிலிருந்து வந்தவரை வரவேற்கிற குரல்.

உருவத்தின் மார்பு மட்டும் கண்ணாடிபோல் தெளிவான ஒரு பெரிய பலூன். அரைகுறையாகத்தான் காற்று இருந்தது; தோல் தொங்கிச் சுருங்கிப்போயிருந்தது. அதற்குள்ளே இன்னொரு பலூன். சிவப்பு. விம்மி, இறுகி, பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல். ஒரு பலூனுக்குள் இன்னொன்றை ஊதுவது பலூன்காரர்களின் சாதாரண வித்தை என்று அவருக்குத் தெரியும். அதன் முடிச்சு மட்டும் வெளியே, கழுத்துக் குழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு அட்டை தொங்கியது.

மனைவி அட்டையைத் திருப்பினாள். படித்தாள். அவளுக்குப் பின்னால் நின்றபடி அவரும் படித்தார்.

'மச்சானுக்கு. குறையில்லை.'

அவருடைய கையெழுத்து. வலப்பக்கம் சரிந்து ஓடும், அவசரக் கையெழுத்து.

முடிந்தது என்று நினைத்தார். எல்லாம் முடிந்தது, இதோ திரும்பப்போகிறாள். அவள் திரும்பினாள். கண் நிறைய நீர். உதடு துடிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாம வந்து அண்ணனுக்கு ஊதிட்டுப் போயிருக்கீங்க" என்றாள். "அதான் அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுச்சா? நான்கூட, நம்ம அண்ணனுக்கு ஒரு பலூன் ஊத இந்த மனுசனுக்குக் கை வரலையேன்னு மனசுக்குள்ள திட்டினேங்க. என்னை மன்னிச்சிடுங்க."

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெள்ளைத் தூசி, அதில் கண்ணீர் ஓடிய கோடு.

"ஆமா" என்றார் அவர். "சும்மா, ஒருநாள் இந்தப் பக்கம் வந்தப்ப."

சொன்ன கணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இரண்டாம் தடவை. அதே மனிதர் பேரில், அதே அறையில், இரண்டாவது பொய்.

முக்காலியில் இருந்த மார்பு உயர்ந்தது.

சின்ன இழுப்பு. இடறல். இறக்கம். பக்கத்து அறையில் கேட்ட இருமல் இப்போது இங்கே கேட்டது, அட்டைக் குழாய்க்குள்ளிருந்து. மூன்று. மூன்றாவது பாதியில். சிவப்புப் பலூனின் முடிச்சு தானாக ஒரு சுற்று சுழன்றது. இன்னொரு சுற்று. நூல் நழுவி விழுந்தது. அவர் பாய்ந்து முடிச்சைப் பிடிக்கப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த தூசியில் ரப்பர் வழுக்கியது.

காற்று கசிந்தது. மெல்லிசான சீறல். சீறலுக்குள் ஒரு பீப் சத்தம். மெஷின் சத்தம். கதவுக்கு வெளியே நாற்காலிகள் நகர்கிற சத்தம். பதினோரு பேரின் முணுமுணுப்பு.

"கிளம்பு" என்று மனைவியின் தோளைப் பிடித்து இழுத்தார். "கிளம்பும்மா, மூடப்போறாங்க."

"உஷ்." அவள் குனிந்து உருவத்தின் கழுத்தருகே காதை வைத்திருந்தாள். "பேசுதுங்க."

பேசியது. அவருடைய குரல். ஒன்பது வருஷம் இளைய குரல்.

"இங்க குடுங்க மச்சான், நானே ஊதிடறேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க. வெளிய பதினோரு பேர் நிக்கிறாங்க. போட்டோவுக்கு வேற நேரமாச்சு. குடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

அந்தக் குரலில் கொடுமை எதுவும் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. பாசமாகக்கூட இருந்தது. அவசரத்தில் இருக்கிற ஒரு நல்ல மனிதரின் குரல்.

அதன்பின் இன்னொரு குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, பயந்துடுவா." சிரிப்பு. இருமல்.

பிறகு ஊதுகிற சத்தம். ஆறு நொடி. கைதட்டல். ஆறு நொடி. கைதட்டல். ஆறு நொடி.

மனைவி நிமிரவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பின்கழுத்தில் கொண்டையிலிருந்து கழன்ற ஒரு நரைமுடி. அது அசையவே இல்லை. அவர் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். நானே சொல்லியிருப்பேன், இன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று சொல்ல நினைத்தார். காற்று வரவில்லை. மார்புக்குள் எட்டியவரை தேடினார். கைப்பிடி அளவு காற்று, அதற்கு மேல் இல்லை. இருமல் வந்தது. மூன்று. மூன்றாவதை விழுங்கினார்.

சிவப்புப் பலூன் சுருங்கிச் சுருங்கி, சுருக்கம் விழுந்து, கடைசியில் ஒரு தோலாகத் தொங்கியது. உருவம் தளர்ந்து முன்னால் சரிந்தது. மனைவி பிடித்துக்கொண்டாள். அதன் தலையைத் தன் தோளில் சாய்த்து முதுகைத் தடவினாள். கடைசி மாதங்களில் தண்ணீர் குடிக்கவைக்க அண்ணனைத் தூக்கிப் பிடிப்பாளே, அதே பிடி.

முதல் கூடத்தில் விளக்கு அணைந்தது. குழந்தைகளின் சத்தம் இல்லை. இரண்டாம் கூடத்தில் விளக்கு அணைந்தது.

அவள் உருவத்தின் மூக்கிலிருந்த கிளிப்பைக் கழற்றினாள். வாயிலிருந்த குழாயை எடுத்துச் சிவப்புப் பலூனின் வாயில் செருகினாள். இருபத்தெட்டு வருஷம் இந்த வேலையைச் செய்தவளைப் போல, தடுமாறாமல். பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

முகம் மாறியிருந்தது. அவர் ஏழு வருஷமாகப் பயந்த மாற்றம் அல்ல. கோபம் இல்லை. வெறுப்பும் இல்லை. வரிசையில் நிற்கும் அடுத்த ஆளைப் பார்க்கிற முகம்.

"உக்காருங்க" என்றாள்.

முக்காலியின் ஓரத்தில் இடமிருந்தது. உட்கார்ந்தார். உருவத்தின் தொடை அவர் தொடையில் பட்டது. சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

கிளிப் அவர் மூக்கைக் கவ்வியது. குழாயின் மறுமுனை உதட்டில் வந்து முட்டியது. பழைய அட்டையின் ஈர வாசம். கல் தூசியின் ருசி.

"நல்லா இழுங்க."

இழுத்தார்.

அவள் இடது கையை உயர்த்தினாள். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

"ஊதுங்க. ஊதுங்க. விடாதீங்க."

ஊதினார். பலூன் அசைந்தது. எலுமிச்சம்பழம் அளவு. ஒரு நொடி. இரண்டு. அவள் தோளில் கிடந்த தலை லேசாக நிமிர்ந்தது. மூன்று. நான்கு. விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே போனது. கண் பிதுங்கியது. அவர் அந்தக் கையையே பார்த்தார். ஐந்து.

"இன்னும்."

ஆறு.

முக்காலியில் பக்கத்தில் இருந்தவர் முழுதாக நிமிர்ந்து, மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"இன்னும்" என்றாள். "இன்னும்."

ஏழு. எட்டு. அவள் கை இறங்கவில்லை.